கன்னிமூலையில் தலை வைத்தவர்

மாதா கோயில் தேர் நிலைக்கு வந்த மறுநாள் மதியம், ஊரே மீன் குழம்பும் சோறும் தின்றுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த வேளையில், எங்கள் துறைமுக ஊரில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் படுத்தவாக்கிலேயே திரும்பினார்கள். கிழக்கே தலை வைத்துப் படுத்தவர் மேற்கே தலை வைத்து எழுந்தார், சுவரோரம் படுத்தவர் வாசல்படியில் தலை முட்டி எழுந்தார், நங்கூரம் போட்ட தோணி நீரோட்டத்துக்குத் திரும்புவதுபோல ஒவ்வொரு உடம்பும் மெல்லத் திரும்பி, தனக்கென்று ஒரு திசை கண்டதும் நின்று, அதற்குமேல் தள்ளினாலும் அசையவில்லை. எழுந்தவர்கள் பாயின் கோடு விழுந்த கன்னத்தைத் தடவிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். அன்றைக்கு ஊருக்கு இருந்த ஒரே கவலை, சில பேருடைய தலை வடக்கே போய்விட்டதே என்பதுதான், ஏனென்றால் ஞானஸ்நானம் வாங்கி எத்தனையோ தலைமுறை ஆகியும் வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பதை மட்டும் நாங்கள் விட்டபாடில்லை.

தலை எதைக் காட்டுகிறது என்று புரியக் கொஞ்ச நாள் பிடித்தது. ஷிப்பிங் ஆபீஸ் ரைட்டர் ஒருவருடைய தலை தினமும் தையல் டீச்சர் வீட்டுப் பக்கமே போய் நின்றது, டீச்சர் வேறு தெருவுக்குக் குடிபோனதும் தலையும் அந்தத் தெருவுக்குக் குடிபோனது, ரைட்டரின் சம்சாரம் விளக்குமாற்றை எடுத்தாள், ஊர் புரிந்துகொண்டது. பெற்ற பிள்ளைக்குத் தலை திரும்பாது, கூடப்பிறந்தவர்களுக்குத் திரும்பாது, சிநேகிதனுக்குத் திரும்பாது, சாமிக்குக்கூடத் திரும்பாது. மனசும் உடம்பும் சேர்ந்து எந்த ஆளைக் கேட்கிறதோ அந்த ஆளுக்குத்தான் திரும்பும்.

அதற்குப் பிறகு ஊர் அதற்கேற்ப நடந்துகொண்டது. பாய்க்கடையில் வட்டப்பாய் வந்தது. புதிதாகக் கல்யாணமானவர்கள் தூக்கத்தில் தலையோடு தலை மோதிக்கொண்டு எழுந்ததால் மருந்துக்கடையில் தைலம் தீர்ந்துபோனது. பெண் பார்க்கும் சடங்குக்கு அடுத்ததாகத் தலை பார்க்கும் சடங்கு ஒன்று ஏற்பட்டு, மாப்பிள்ளைக்கு வயிறு முட்ட பிரியாணி போட்டு, ஹாலில் படுக்க வைத்து, பெண்ணை அடுப்படிக்கும் மாடிக்குமாக நடக்கவிட்டு, தலை அவள் பின்னாலேயே போகிறதா என்று பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டே பார்த்தார்கள். காட்டிக்கொள்ள விரும்பாதவர்கள் ஈசிச்சேர் வாங்கினார்கள். உட்கார்ந்து தூங்கினால் உடம்பு திரும்பாது. என் தலை எந்தப் பக்கம் போகும் என்று என்னிடம் கேட்காதீர்கள், நானும் ஈசிச்சேர்காரிதான்.

என் பெயர் ரொசாலி. கஸ்பார் அண்ணனுடைய பேக்கரியில் மக்ரூனை டப்பாவில் அடுக்கிக் கட்டுகிறவள். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரிப் பொடியும் சேர்ந்த அந்தப் பண்டத்தை ஊரில் யார் வேண்டுமானாலும் செய்வார்கள், ஆனால் வாயில் வைத்ததும் கரைந்து காணாமல் போகிற மாதிரி செய்கிறவர் கஸ்பார் அண்ணன் ஒருவர்தான். நாற்பதைத் தாண்டிவிட்டார், கல்யாணம் இல்லை. அடுப்பைக் கட்டிக்கொண்டான் என்று ஊர் சொல்லும், அவரும் சிரித்துவைப்பார்.

ஆண் தலை பெண்ணையும் பெண் தலை ஆணையும் காட்டிக்கொண்டிருந்தவரை ஊருக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு தெருவுக்கு ஒன்றிரண்டு தலைகள் அப்படிக் காட்டவில்லை என்று மெல்லத் தெரிய வந்தது. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருவருடைய தலை போஸ்ட் ஆபீஸ் அம்மாவைக் காட்டியது. கஸ்டம்ஸ் ஏஜெண்டுடைய மகன், கல்லூரியில் படிக்கிறவன், அவன் தலை கோயிலில் ஆர்கன் வாசிக்கிற வாலிபனைக் காட்டியது. ஏஜெண்ட் மகனைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார், கட்டில் தரையைக் கீறிக்கொண்டு திரும்பியது. கட்டில் காலைத் தரையில் ஆணி வைத்து அடித்தார், அன்றைக்குக் கட்டிலும் திரும்பவில்லை, உடம்பும் திரும்பவில்லை, கழுத்து மட்டும் திரும்பத் தொடங்கியது. பையனின் அம்மா அரிவாள்மணையை எடுத்து வந்து கயிற்றை அறுத்தாள். "திரும்புனா திரும்பிட்டுப் போகட்டும், எம் பிள்ளைக்குக் கழுத்து நேரா இருந்தாப் போதும்" என்றாள். பையன் அடுத்த வாரமே சென்னைக்கு ரயில் ஏறினான். அந்த வீட்டுத் தரையில் கட்டில் கீறிய வட்டம் இன்னும் இருக்கிறது, மேலே பாய் போட்டு மறைத்திருக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் மதுரவல்லி என்கிற அம்மா ஆட்களோடு வந்தார். தூங்குகிறவர்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார், ரத்தம் எடுத்தார், அச்சில் வார்த்த மாதிரி இருக்கிற இரட்டையர்களைத் தேடித் தேடிப் படுக்கவைத்தார், யார் எப்படி வளர்ந்தார்கள், என்ன தின்றார்கள், அப்பா அடித்தாரா, அம்மா செல்லம் கொடுத்தாளா என்று கேட்டார். கடைசியில் தோணிச் சங்கத்துக் கட்டடத்தில் கூட்டம் போட்டு, தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று பிரித்துச் சொன்னார். ஏன் ஒருத்தருக்கு இப்படியும் ஒருத்தருக்கு அப்படியும் என்பதற்கு ஒற்றைக் காரணம் எதுவும் அகப்படவில்லை, வளர்ப்பால் வந்ததாகத் தெரியவில்லை, ஒட்டுவாரொட்டி இல்லை, யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்ததில்லை, கட்டி வைத்தாலும் மாறாது, எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருந்ததுதான், இங்கே வெளியே தெரிகிறது, அவ்வளவே.

சங்கத் தலைவர் தல்மேதா எழுந்தார். "எல்லாம் சரிதாம்மா. இது எப்பம் சரியாகும்?"

"எது?"

"ஆம்பளைக்கு ஆம்பள பக்கமா தலை போறது."

"இடது கைப் பழக்கம் எப்ப சரியாகும்னு யாராவது கேப்பாங்களா?"

"எங்க ஊர்ல அதையும் அடிச்சித் திருத்திருவோம்."

"திருந்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

தல்மேதா காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார். காப்பி டம்ளர் அவருடைய இடது கையில் இருந்தது.

போகும்முன் அந்த அம்மா வீடு வீடாக ஏறி இறங்கி, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஊரில் பாதிக்குமேல் ஒரே பதில். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, ஊருதான் பேசும்." எதிர்வீட்டில் கேட்டாலும் அதே பதில். எங்கள் பேக்கரியில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது டாக்டரம்மா என்னிடம் சொன்னார். "அந்தப் பேசுற ஊர் எங்க இருக்குன்னுதான் எனக்கு அகப்படவே இல்லை."

கஸ்பார் அண்ணன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தூங்குவதைப் பார்த்த ஒரே ஆள் நான். விடியற்காலை தொடங்குகிற வேலை முடிந்து, மதியம் கதவைச் சாத்திவிட்டுச் சிமெண்டுத் தரையில் படுப்பார். எப்படிப் படுத்தாலும் தலை சுற்றி வந்து கன்னிமூலையில் நிற்கும். அது தென்மேற்கு. அந்த மூலையில் எங்களுக்குச் சர்க்கரை மூட்டைகள்தான் உண்டு. ஆனால் தோணிக்காரர் சலேத்து கரையில் இருக்கிற நாட்களில் தலை கன்னிமூலையை விட்டுவிட்டு சலேத்து வீடு இருக்கிற தெருப்பக்கம் போகும். நான் ஒன்றும் கேட்டதில்லை. கதவுக்கு உள்தாழ்ப்பாள் ஒன்று வாங்கிவந்து அடித்தேன், அதோடு சரி.

சலேத்து தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர். வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு குமரி முனையைச் சுற்றி மாலத்தீவுக்குப் போவார், வருவார். வந்ததும் குளித்துவிட்டு எங்கள் பேக்கரிக்கு வந்து, கன்னிமூலையில் இருக்கிற சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்து, உடைந்த மக்ரூன்களை ஒவ்வொன்றாகத் தின்பார். "இந்தத் தடவ காத்து சரியில்ல." "ம்." "டப்பா ஒண்ணு எடுத்து வை, தோணிக்கு." "வச்சாச்சு." ஊர் கேட்கக் கூடாத ஒரு வார்த்தை அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. அவர் எழுந்து போன பிறகு கஸ்பார் அண்ணன் அந்த மூட்டையை உடனே பிரிக்கவிடமாட்டார். தனக்குள் இருப்பது தன்னோடு போகட்டும், எதிர்ப்பக்கம் ஒன்றும் இருக்காது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தனிமையை அவர் ஒரு வியாதியைப்போலப் பழகிவைத்திருந்தார், மருந்து கேட்கிற பழக்கம்கூட விட்டுப்போயிருந்தது.

சலேத்துடைய மனைவி பிரகாசி. நல்ல பெண். கரையில் இருக்கும்போது சலேத்து கட்டிலில் படுக்கவே மாட்டார், ஈசிச்சேரில் உட்கார்ந்துதான் தூங்குவார், கடல்காரர்களுக்குக் கரைத் தூக்கம் ஒத்துக்கொள்ளாது என்று ஊர் சொல்லிக்கொண்டது. தோணியில் மட்டும் காலை நீட்டிப் படுப்பார் என்றும், படுத்தால் தலை அம்பு மாதிரி நம் ஊரைக் காட்டும் என்றும், வீட்டு நினைப்பென்றால் அது வீட்டு நினைப்பு என்றும் கூடப் போனவர்கள் சொன்னார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் வீடும் கோயிலும் பேக்கரியும் எல்லாம் ஒரே புள்ளிதான் என்று யாரும் யோசிக்கவில்லை. மற்ற தோணிகள் கரையேறிப் படுக்கிற பருவத்திலும் சலேத்து ஏதாவது சரக்குப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அப்படித்தான் அந்தக் கார்த்திகையில் கிளம்பினார். கடலில் புயல் சுழன்றது, தோணியிலிருந்து வயர்லெஸ் பேச்சு நின்றது. விமானம் போய்த் தேடியது, கப்பல் போய்த் தேடியது, கடல் வெறுமனே கிடந்தது. ஊர் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியது. கடைசியில் யாருக்கோ புத்தி வந்து, பிரகாசியைப் படுக்கச் சொல்லுங்கள் என்றார்கள். அழுது அழுது ஓய்ந்திருந்த பிரகாசி படுத்தாள், தலை தென்மேற்கே போனது. செத்தவருக்குத் தலை திரும்பாது, உயிரோடு இருக்கிறார்கள் என்று ஊர் அழுதது. ஆனால் கடற்காவல் அதிகாரி வரைபடத்தில் அந்தக் கோட்டை நீட்டிக்கொண்டே போய் ஸ்கேலைக் கீழே வைத்தார். இந்தக் கோட்டில் எந்த இடம் என்று எப்படித் தெரியும், வேறொரு ஊரிலிருந்து இன்னொரு கோடு வேண்டும், இரண்டும் வெட்டுகிற இடத்தில் தோணி இருக்கும், இதே அம்மாவை இன்னொரு நாள் வேறு ஊரில் படுக்க வைத்தால் அதற்குள் தோணியை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கும், ஒரே நேரத்தில் இரண்டு பேர் தூங்க வேண்டும் என்றார்.

தோணியில் இருந்தவர்கள் ஏழு பேர். நாலு பேர் கல்யாணம் ஆகாதவர்கள், அவர்களுக்காகத் திரும்பும் தலை ஊரில் இல்லை. இன்னும் இரண்டு பேருடைய மனைவிமார் தலை வேறெங்கோ போகும் என்பது ஊருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்காமல் விடுகிற நாகரிகம் ஊருக்கு இருந்தது.

மறுநாள் காலையில் பிரகாசி பேக்கரிக்கு வந்தாள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "நீங்களும் இருங்கக்கா" என்றாள்.

"அண்ணே, நான் கொல்லத்துக்குப் போறேன், எங்கக்கா வீட்டுக்கு. நாளைக்கு மத்தியானம் நான் அங்க படுப்பேன். நீங்க இங்க படுக்கணும்."

கஸ்பார் அண்ணன் முட்டை அடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "நான் எதுக்கு பிரகாசி?"

"தெரியாத மாதிரி கேட்டா தோணி வந்துருமா?"

அவர் முட்டைப் பாத்திரத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"தோணி வரும்போதெல்லாம் தோணித்துறைக்குக் கடைசி ஆளா வாறது நீங்க. அவிய முகத்த ஒரு தடவ பாத்துட்டு முத ஆளா திரும்பிப் போறதும் நீங்க. ஊர்ல யாரும் கவனிச்சிருக்க மாட்டாவ. நான் கவனிச்சேன், ஏன்னா நானும் அப்படித்தான் பாக்கேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்கமேல எனக்குக் கோவம் இருக்கா இல்லையான்னு இப்பம் யோசிக்க முடியல அண்ணே. அவிய வரட்டும், பெறவு யோசிக்கேன்."

அவள் போன பிறகு கஸ்பார் அண்ணன் அடித்த வெள்ளைக்கருவெல்லாம் நீர்த்துப்போய்விட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. கஸ்டம்ஸ் ஏஜெண்டின் மகனுக்கு இந்த ஊரில் என்ன நடந்ததென்று இரண்டு பேருக்கும் தெரியும். நாளைக்கு இவர் கையால் செய்த பண்டத்தை யாராவது வாங்குவார்களா, இந்தத் தெருவில் இவரை நடக்கவிடுவார்களா என்று எனக்குள் ஓடியது. "என்ன செய்யப் போறீய?" என்று கேட்டேன். "தூக்கம் வரணுமே ரொசாலி" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே சங்கத்துக்குப் போய், தான் படுப்பதாக மட்டும் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் மதியம் சங்கத்துக் கட்டடத்தில் நடுவே ஒரு வட்டப்பாய் விரித்து, சுற்றிலும் சாக்பீஸால் திசைகளை எழுதிவைத்திருந்தார்கள். ஊரே ஜன்னலில் தொங்கியது. தல்மேதா முன்னால் வந்து நின்றார்.

"தோணியில ஏழு பேரு இருக்கான். உனக்கு அதுல யாரு?"

"சலேத்து" என்றார் கஸ்பார் அண்ணன்.

சிநேகிதனுக்குத் தலை திரும்பாது என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். தல்மேதா பாயைக் காட்டினார். "சரி. படு" என்றார். பின்னாலிருந்து யாரோ, "கூட்டாளின்னா இப்படில்லா இருக்கணும்" என்றார், அதைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் "சின்ன வயசுலேருந்தே கூட்டாளி" என்றார், அந்த வார்த்தை வாய்க்கு வாய் மாறி வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் போனது, போகப் போக ஊர் மூச்சுவிட்டது.

ஆனால் தூக்கம் வரவில்லை. ஊர் முழுக்க வேண்டிக்கொண்டு பார்த்திருக்க எந்த மனுஷனுக்குத் தூக்கம் வரும்? பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள், ஐஸ் பாக்டரி மெஷினை அணைத்தார்கள், மீன் ஏலம் கைச்சாடையில் நடந்தது, அழுத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் உப்பளப் பக்கம் போனார்கள். தல்மேதா தன் இடது கையால் பனை விசிறியை எடுத்து வீசினார். நான் பேக்கரிக்கு ஓடிப்போய், சலேத்து உட்காருகிற அந்தச் சர்க்கரை மூட்டையிலிருந்து சாக்கை உருவி மடித்துக் கொண்டுவந்து அவர் தலைக்குக் கீழே வைத்தேன். கஸ்பார் அண்ணன் அதில் கன்னத்தை வைத்தார். பிறகு தூங்கினார். தலை புறப்பட்டு, ஊர் முழுக்கப் பார்க்க, அவசரமில்லாமல் கன்னிமூலைப் பக்கம் போய் நின்றது.

கொல்லத்திலிருந்து போன் வந்தது. கோடுகள் வெட்டின. அந்த இடத்தில் பாய்மரம் ஒடிந்து, சுக்கான் இல்லாமல், ஏழு பேரையும் வைத்துக்கொண்டு தோணி மிதந்தது.

தோணியைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவதற்குள் சங்கம் கூடி ஒரு தீர்மானம் போட்டது. இனிமேல் எந்தத் தோணி கிளம்பினாலும், கரையில் தனக்காகத் தலை திரும்பும் ஒருவராவது அதில் இருக்க வேண்டும். அதனால் யாரும் விரும்பாத நல்ல நல்ல கடல்காரர்களுக்கு வேலை போனது, யார் தலையாவது திரும்புகிற ஒன்றுக்கும் உதவாத பேர்வழிகள் கடலுக்குப் போய் வாந்தியெடுத்தார்கள். கஸ்பார் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மக்ரூன் முன்னைவிட அதிகமாக விற்றது. ஆனால் வாங்க வருகிறவர்கள் எவரும் முன்போலக் கல்யாணப் பேச்சை எடுத்து அவரைக் கேலி செய்வதில்லை. அந்தக் கேலிதான் அவருக்கு ஊரோடு இருந்த உறவு என்று அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எல்லோரும் மரியாதையாக டப்பாவை வாங்கிக்கொண்டு மரியாதையாகப் போனார்கள்.

அவர்கள் வந்து இறங்கிய அன்று தோணித்துறையில் மணல் தெரியாத கூட்டம். கொல்லத்திலிருந்து வந்திருந்த பிரகாசி தண்ணீர்ச் செம்போடு முன்னால் நின்றாள். எதிர்ப்பக்கம், கடைசி வரிசைக்கும் கடைசியில், நானும் கஸ்பார் அண்ணனும் டப்பாவோடு நின்றோம். சலேத்து கறுத்து எலும்பாகி இறங்கினார், இரண்டு எட்டு வைத்தார், பிரகாசி கொடுத்த தண்ணீரைக் குடித்தார், வலைக்குவியலில் சாய்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே சரிந்து மணலில் படுத்துத் தூங்கிவிட்டார். பல வருஷத்தில் அந்த மனுஷன் கரையில் படுத்தது அன்றைக்குத்தான்.

கூட்டம் தானாக விலகி வட்டமாக நின்றது. சலேத்துடைய தலை மணலில் மெல்லத் திரும்பத் தொடங்கியது. பிரகாசியை நோக்கி வந்தது. அவளுக்கு நேரே வந்தது. அவளைக் கடந்தது.

அது எங்கே போய் நிற்கும் என்று கூட்டத்துக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், அல்லது பல வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்ததோ என்னவோ. வெயிலுக்கு ஒதுங்குகிறவள்போல முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, தலையைவிடக் கொஞ்சம் வேகமாக, வட்டத்தின் ஓரமாகவே நடந்துவந்து, எங்களுக்கு முன்னால் நின்றவர்களை விலக்கி, கஸ்பார் அண்ணனுக்கு நேர் முன்னால் வந்து நின்றாள். தலையும் வந்து நின்றது.

"பொண்டாட்டியத் தேடுது பாரு" என்றாள் ஒருத்தி. ஊர் கைதட்டியது.

பிரகாசி திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். "அண்ணே, கொஞ்சம் குனிஞ்சிக்கோங்க. நீங்க என்னைய விட உசரம்."

அவர் குனிந்தார். தன்னையும் ஒருவன் அத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான், தன்னை மறைக்கத்தான் நாற்காலியில் தூங்கினான், தன் பக்கம் தலை வைக்கத்தான் நடுக்கடலுக்குப் போனான் என்று அந்த மனுஷனுக்குத் தெரியவந்த அந்த நேரத்தில், அவர் ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான். பார்க்க எனக்குத் தாங்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தேன். கைதட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருடைய கண் பிரகாசிமேல் இல்லை. அவள் தோளுக்கு மேலே, ஒரு ஆள் குனிந்ததால் காலியான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டு, பக்கத்து ஆள் பார்த்தாரா என்று பார்த்தார்கள். தல்மேதா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

சலேத்து கண் விழித்தார். பிரகாசி போய்க் கை கொடுத்து எழுப்பி, "வீட்டுக்குப் போவம், வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள். கூட்டம் அவர்கள் பின்னால் போனது. கஸ்பார் அண்ணனுக்கு முன்னால் இப்போது யாரும் இல்லை, மறைத்துக்கொள்ள எதுவும் இல்லை, கடல்வரைக்கும் வெறும் மணல்தான். அவர் நிமிரவில்லை. எங்களைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் அவர் அப்படிக் குனிந்து நிற்பதைப் பார்த்தார்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.